'கீ'க்குத் தனிக் காசு கேட்டால் எழுந்து வந்துடுங்க

கேள்வி: எங்க மாமா வீரவநல்லூர்ல ரேடியோ செட் (மைக், ஸ்பீக்கர் வாடகை) வச்சிருக்காங்க. கோயில் கொடை (ஊர்த் திருவிழா), கல்யாண ரிசப்ஷன் எதுக்குப் போனாலும் இப்ப டிஜே கேக்காங்க. கையில 35 ஆயிரம் இருக்கு. லேப்டாப்போட சேத்துப் பாட்டு மிக்ஸ் பண்ற டிஜே கன்ட்ரோலர்ல பயனியர் டிடிஜே-எஃப்எல்எக்ஸ்4 வாங்கவா, நியூமார்க் மிக்ஸ்ட்ராக் புரோ எஃப்எக்ஸ் வாங்கவா? தெரிஞ்ச புரோக்கர் ஒருத்தர் பயனியரோட பழைய டிடிஜே-400 பாதி விலைக்கு முடிச்சுத் தாரேங்காரு. அதுக்கு 'ஒரிஜினல் கீ' (சாஃப்ட்வேரத் திறக்குற லைசென்ஸ் நம்பர்) தனியா வாங்கணுமாம். என்ன செய்யலாம்?

பதில்: எஃப்எல்எக்ஸ்4 வாங்குங்க தம்பி. பில்லோடு, புதுசாக.

காரணம் பெட்டியின் மேலே தெரியும் பட்டன்களில் இல்லை. பட்டன் கணக்கைப் பார்த்தால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. இரண்டிலும் இரண்டு டெக் (ஒரு டெக்கில் ஒரு பாட்டு), இரண்டிலும் சவுண்ட் கார்டு உள்ளேயே இருக்கிறது. ஒரு பாட்டு வெளியே ஓடும்போது அடுத்த பாட்டை ஹெட்போனில் மட்டும் கேட்டுத் தயார் செய்யலாம். கரண்டும் லேப்டாப் யூஎஸ்பியிலிருந்தே எடுத்துக்கொள்ளும். ஆனால் லேப்டாப் இல்லாமல் தானாகப் பாட்டுப் போடும் பெட்டி என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள். பலர் அப்படித்தான் வாங்கி, கொடைப் பந்தலில் வந்து முழிக்கிறார்கள்.

கை பழக்கத்துக்கு நியூமார்க் சுகமான பெட்டி. ஜாக் வீல் (கையால் சுற்றும் வட்டத் தட்டு) பெரிசு, பாட்டின் வேகத்தை மாற்றும் பிட்ச் ஃபேடர் நீளம், எஃபெக்ட் போடுவதற்குத் தட்டிவிடுகிற குட்டி நெம்புகோல் இருக்கிறது. ஹெட்போனுக்குச் சின்ன ஓட்டை, பெரிய ஓட்டை இரண்டுமே உண்டு, எஃப்எல்எக்ஸ்4-ல் 3.5 எம்எம் மட்டும்தான். இதையெல்லாம் ஒத்துக்கொள்கிறேன். சிக்கல் சாஃப்ட்வேரில் இருக்கிறது. நியூமார்க்கோடு சும்மா கிடைப்பது செராட்டோ டிஜே லைட். அதில் நீங்கள் வாசித்ததை ரெக்கார்ட் பண்ண முடியாது, பாட்டில் நினைத்த இடத்துக்குத் தாவ வைக்கும் கியூ பாயின்ட்டும் குறைவு. புரோ வேண்டும் என்றால் தனியாகக் காசு. எஃப்எல்எக்ஸ்4-ஐச் சொருகினால் பயனியரின் சாஃப்ட்வேரான ரெக்கார்ட்பாக்ஸ் தானாகத் திறந்துகொள்ளும், பெட்டிதான் சாவி. பழகி முடித்து நாளைக்குப் பாளையங்கோட்டையிலோ மதுரையிலோ ஒரு ஹாலில் பெரிய பயனியர் பிளேயரில் வாசிக்கக் கூப்பிட்டால், இதே ரெக்கார்ட்பாக்ஸில் ஒழுங்குபண்ணிய பாட்டுகளைப் பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு போனால் போதும்.

இப்போது அந்தப் புரோக்கர். 400-க்குக் 'கீ' தனியாக வாங்கணும் என்றாராக்கும்? 400 வந்தது 2018-ல். அப்போது பெட்டிக்குள் ஒரு லைசென்ஸ் கீ வைத்துக் கொடுத்தார்கள், உண்மைதான். 2020-ல் வந்த ரெக்கார்ட்பாக்ஸ் 6-லிருந்து அந்தக் கதை முடிந்தது. 400-ஐச் சொருகினாலே திறக்கும். இல்லாத சாவிக்கு உங்களிடம் விலை பேசுகிறார். இதற்கு அண்ணன் தம்பி ஒருத்தன் இருக்கிறான்: பென்டிரைவில் 'ஃபுல் வெர்ஷன்' செராட்டோ போட்டுத் தருபவன். அந்தத் திருட்டு சாஃப்ட்வேர் சாமக்கொடைக்கு முன்னால் ஊரே கூடியிருக்கும் நேரம் பார்த்து ஸ்கிரீனை உறைய வைக்கும். அன்றைக்கு அவன் போனை எடுக்க மாட்டான். "அதும் 400 மாதிரிதான்" என்று யாராவது டிடிஜே-200-ஐத் தள்ளினால் அதுவும் வேண்டாம். அதில் சவுண்ட் கார்டே கிடையாது.

பழைய பெட்டியே வாங்கக் கூடாதா என்றால், ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. வைத்திருப்பவரை உங்களுக்கு நேரடியாகத் தெரியும், அவர் வீட்டிலேயே உட்கார்ந்து பார்க்கலாம் என்றால் மட்டும். நடுவில் ஆள் கூடாது. உங்கள் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு போங்கள், அவருடையதை நம்பாதீர்கள். ஒரு மணி நேரம் விடாமல் ஓட்டுங்கள். இரண்டு டெக்குக்கும் நடுவில் சவுண்டை மாற்றும் கிராஸ்ஃபேடரை ஒரு ஓரத்துக்கு முழுசாகத் தள்ளி, அந்தப் பக்கத்து டெக் சவுண்டைக் குறைத்துவிட்டு, அடுத்த பக்கத்துப் பாட்டு ஹெட்போனின் மாஸ்டரில் மெல்லக் கேட்கிறதா என்று காது கொடுங்கள். கேட்டால் ஃபேடர் தேய்ந்துவிட்டது. பிளே, கியூ பட்டன்களை ஐம்பது தடவை தட்டுங்கள், ஒரு தடவைகூட ஏமாற்றக் கூடாது. பின்னால் யூஎஸ்பி ஒயரை லேசாக ஆட்டுங்கள், லேப்டாப்பில் 'டொங்' என்று கனெக்‌ஷன் விட்டு வந்தால் எழுந்துவிடுங்கள். ஹெட்போன் பின்னையும் அப்படியே திருகிப் பாருங்கள். ஜாக் வீலின் மேல்தட்டை ஈரமில்லாத விரலால் தொட்டால் பாட்டு நிற்கவேண்டும், எடுத்தால் ஓடவேண்டும். இத்தனையும் தேறி, பழைய பில்லையும் அவர் கையில் கொடுத்தால் 400 நல்ல பெட்டிதான். உங்கள் புரோக்கர் இதில் ஒன்றுக்காவது சம்மதிப்பாரா என்று கேட்டுப் பாருங்கள்.

புதுசு வாங்கும்போதும் இதே கூத்துதான். "அண்ணாச்சி, பில்லு வேணும்னா ஜிஎஸ்டி சேத்துப் போடணும்லா, நமக்குள்ள எதுக்கு" என்பார்கள் கடைக்காரர்கள். போடச் சொல்லுங்கள். சீரியல் நம்பர் பில்லில் இருக்கவேண்டும், பெட்டியின் அடியில் இருப்பதோடு ஒத்துப்போகவேண்டும். வெளிநாட்டு பீஸ் என்றால் இங்கே வாரன்ட்டி கேட்டு நிற்க முடியாது. பெட்டியில் ஆல்ஃபாதீட்டா என்று போட்டிருந்தால் டூப்ளிகேட் என்று பயப்பட வேண்டாம். பயனியர் டிஜே பெட்டிகளைச் செய்யும் கம்பெனியின் பெயரே அதுதான்.

பில் வாரன்ட்டிக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிப்படி இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. நம்ம ஊர்க் கொடை நடப்பதே சாமத்தில். அரசு நினைத்தால் திருவிழாவுக்கென்று வருஷத்தில் 15 நாள் வரை 12 மணி வரைக்கும் தளர்த்தலாம் என்று அதே விதியில் இருக்கிறது. அது உங்கள் ஊர்க் கொடைக்கு உண்டா இல்லையா என்று கேட்டுப் போனால், ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு அனுப்புவார்கள். கடைசியில் கமிட்டிக்காரர்கள் ஒதுங்கிக்கொள்ள, செட்டுக்காரர் சாமான்தான் ஸ்டேஷனுக்குப் போகும். உங்கள் கன்ட்ரோலரும் அதோடு போனால், என்னுடையது என்று காட்ட அந்தக் காகிதம் ஒன்றுதான். 10 மணிக்கு மேல் வாசிக்கச் சொன்னால் அனுமதியை எழுத்தில் கேளுங்கள்.

மாமா செட்டோடு சேர்க்கும் வேலை எளிது. பின்னால் சவுண்ட் வெளியே போகும் ஆர்சிஏ மாஸ்டர் ஓட்டைகளிலிருந்து பி-38 பின் (6.35 எம்எம் பெரிய பின்) போட்ட ஒயர் இரண்டு எடுத்து, மிக்சரில் இரண்டு சேனலின் லைன் இன்புட்டில் சொருகுங்கள். மைக் இன்புட்டில் சொருகினால் கீறலாகத்தான் கேட்கும். லெஃப்ட், ரைட் இரண்டையும் ஒரே பின்னில் முறுக்கி இணைக்கும் பழைய பழக்கம் வேண்டாம். பாட்டு எல்லாம் லேப்டாப்பிலேயே இருக்கட்டும். வயக்காட்டுக் கோயிலில் சிக்னலை நம்பி வாசிக்க முடியாது.

ஜெனரேட்டரில் ஓடும்போது 'ங்ங்ங்' என்று ஹம் வந்தால் முதலில் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். நின்றுவிட்டால் கோளாறு எர்த்தில், கன்ட்ரோலரில் இல்லை. அன்றைக்குப் பேட்டரியிலேயே ஓட்டிவிட்டு, கன்ட்ரோலருக்கும் மிக்சருக்கும் நடுவில் ஹம்மைத் தடுக்கும் ஒரு டிஐ பாக்ஸ் வாங்கிப் போடுங்கள். ஹம்மை நிறுத்த எர்த் பின்னை உடைக்கும் ஆள் எல்லா ஊரிலும் இருப்பார். ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று வில்லுப்பாட்டுக்காரர் பிடிக்கும் மைக்கும் அதே செட்டில்தான் இருக்கிறது. மாமாவே சொன்னாலும் விடாதீர்கள்.