கொடி எழும்பினால் ஓடு! (வாசகர் கேள்வி-பதில்)

போன இதழில் ஒன்ராறியோவின் சிம்கோ ஏரியில் ஐஸைத் துளைத்து பைக் பிடித்த கதையை நாலு வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன். அதற்கு வந்த கேள்விகளே இந்த மாதப் பக்கத்தை நிரப்பிவிட்டன. ஒருவர், ‘ஏரிக்குள் எப்படி ஐயா மோட்டார் சைக்கிள் வந்தது?’ என்று கேட்டிருக்கிறார். பைக் என்பது மீன், ஐயா. நம் ஊர்ச் சீலா மாதிரி நீண்ட உடம்பு, வாத்துச் சொண்டு போல வாய், அதற்குள் ஊசி ஊசியாகப் பல். மற்றவர்களுக்கான பதில்கள் கீழே.

தூண்டிலை வைத்துவிட்டுத் தள்ளி இருப்போம், மீன் கடித்தால் கொடி எழும்பும் என்று எழுதியிருந்தீர்கள். நான் யாழ்ப்பாணத்துப் பண்ணைப் பாலத்தில் தங்கூசியை (தூண்டில் நூலை) விரலில் சுற்றிக்கொண்டு நின்ற ஆள். கையில் பிடிக்காத தூண்டிலும் ஒரு தூண்டிலா? (ஸ்காபரோ வாசகர்)

நானும் முதலில் அப்படித்தான் சிரித்தேன். இங்கே அதை ரிப்-அப் என்பார்கள். பழைய வகை இரண்டு மரச்சட்டங்களைக் குறுக்கே போட்டது, துளையின் மேல் வைத்தால் விழாமல் நிற்கும். நடுவில் ஒரு தண்டு, அதன் அடியில் நூல் சுற்றிய உருளை, மேலே வளைத்துக் கொழுவிவிட்ட மெல்லிய உருக்குப் பட்டி, பட்டியின் நுனியில் சிவப்போ செம்மஞ்சளோ ஒரு துண்டுத் துணி. இதில் கெட்டித்தனம் எங்கே என்றால், உருளை தண்ணீருக்குள் இருக்கிறது. வெளியே மைனஸ் 20 என்றாலும் ஐஸுக்குக் கீழே தண்ணீர் தண்ணீராகத்தான் இருக்கும், அதனால் உருளை உறைந்து இறுகாது. மீன் இரையைக் கவ்விக்கொண்டு நகர்ந்தால் உருளை சுழலும், சுழன்றதும் மேலே கொளுக்கி கழன்று பட்டி நிமிரும். தூரத்தில் இருந்தே தெரியும். இப்போது துளையையே மூடிவிடுகிற வட்டமான பிளாஸ்ரிக் வகையும் விற்கிறார்கள், காற்றடிக்கும் நாளில் அது நல்லது, துளை சீக்கிரம் மூடாது.

ஆனால் கொடி எழும்பியதற்கு அப்புறம் எல்லாம் உங்கள் பண்ணைப் பாலம்தான். ரீலும் இல்லை, தடியும் இல்லை. முழங்காலில் நின்று நூலைக் கையால் இழுக்க வேண்டும், மீன் ஓடினால் விட வேண்டும், நின்றால் திரும்ப இழுக்க வேண்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடுங்கள்: விரலில் சுற்றும் பழக்கத்தை. பைக் சும்மா மரக்கட்டை மாதிரி வரும், அட இவ்வளவுதானா என்று நினைப்போம், துளைக்குக் கீழே வந்து வெளிச்சத்தைக் கண்டதும் திரும்பி ஒரு ஓட்டம் எடுக்கும். அந்த நேரம் நூல் விரலில் இருந்தால் விரல் வெட்டுப்படும். இழுத்த நூலை ஐஸில் காலுக்குத் தள்ளிப் போடுங்கள், சப்பாத்தில் சிக்கினாலும் அதே கதைதான்.

என் கணவர் ஒவ்வொரு சனிக்கிழமையும் போகிறார், பேர்ச் என்ற சின்ன மீன் மட்டும் கொண்டுவருகிறார். பைக் வந்தது, நூலை அறுத்துக்கொண்டு போய்விட்டது என்று வாரா வாரம் ஒரே கதை. உண்மையா, சமாளிப்பா? (மார்க்கம் வாசகி)

உண்மையாக இருக்கும், அக்கா, அவரை விட்டுவிடுங்கள். ஆனால் தவறு அவருடையதுதான். பேர்ச்சுக்குப் போட்ட மெல்லிய தங்கூசியைப் பைக்கின் பல் ஒரு கடியில் அறுத்துவிடும். தூண்டில் முள்ளுக்கு மேலே ஒரு முப்பது சென்ரிமீற்றருக்குக் கம்பி நூல் கட்டச் சொல்லுங்கள்.

ஒன்ராறியோவில் ஐஸ் மேல் பெரும்பாலான ஏரிகளில் ஒருவருக்கு இரண்டு தூண்டில் அனுமதி, சிம்கோவிலும் அப்படித்தான். நான் இரண்டையும் ஒரே மீனுக்குப் போடுவதில்லை. ஒன்று கையில், குட்டைத் தடியில், பேர்ச்சுக்கு. மற்றது ரிப்-அப், பைக்குக்கு. இரண்டுக்கும் இடையில் பத்துப் பதினைந்து அடிகள் போதும், ஏனென்றால் பேர்ச் கூட்டம் சுற்றுகிற இடத்துக்குப் பைக் தானாக வரும். பேர்ச்தான் அதற்குச் சோறு.

இடத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சிம்கோவின் தெற்குக் கோடியில், கெஸ்விக் பக்கம் இருக்கும் குக்ஸ் விரிகுடா ஆழம் குறைந்தது, நீர்ச்செடி நிறைந்தது. பாரி நகரப் பக்கக் கெம்பன்ஃபெல்ற் விரிகுடா நாற்பது மீற்றர் வரை இறங்கும், அது வேறு மீன்களின் வீடு. பைக்குக்குக் குக்ஸ்தான். பைக் துரத்திப் பிடிக்கும் சாதி இல்லை, செடியின் ஓரத்தில் அசையாமல் கிடந்து, பக்கத்தில் வந்ததைப் பாய்ந்து கவ்வும். நம் குளத்து விரால் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதனால் செடிக்காட்டுக்கு நடுவிலும் வேண்டாம், வெறும் சேற்றிலும் வேண்டாம், இரண்டும் சந்திக்கிற விளிம்பில் துளை போட வேண்டும். துளையில் முகத்தை வைத்து, தொப்பியால் வெளிச்சத்தை மறைத்து உள்ளே பாருங்கள். செடி பச்சையாக நின்றால் இருங்கள். பழுப்பாகிச் சாய்ந்து கிடந்தால் எழும்பி நடங்கள், அழுகுகிற செடி தண்ணீரில் இருக்கும் ஒட்சிசனைத் தின்றுவிடும், அங்கே மீன் நிற்காது.

ஆழம் பார்க்க மெஷின் தேவையில்லை. முள்ளில் ஒரு ஈயக்குண்டைக் கொழுவி அடி முட்டும்வரை விடுங்கள். பைக் இரை செடியின் தலைக்குச் சற்று மேலே தொங்க வேண்டும், பேர்ச் இரை அடியில் இருந்து ஒரு சாண். அளவு சரியானதும் நூலில் ஒரு சட்டைப் பொத்தானைக் கோர்த்து அடையாளம் வையுங்கள், அடுத்த தடவை அளக்க வேண்டாம். இங்கத்தைய பழைய ஆட்களிடம் கற்றது, எந்தக் கடைச் சாமானையும் விட நல்லது.

மினோவை (இரையாகப் போடும் குட்டி மீனை) எப்படிக் கொழுவுவது? அப்புறம், பிடித்த சின்னப் பேர்ச்சையே உயிரோடு பைக்குக்குப் போட்டால் என்ன, காசு மிச்சம்தானே? (பிரம்டன் வாசகர்)

பேர்ச்சுக்கு விரல் நீளம்கூட வேண்டாம், மூன்று நாலு சென்ரிமீற்றர் மினோ, சின்ன முள். கைத்தூண்டில் என்றால் உதட்டில் கொழுவுங்கள். பைக்குக்கு ஒரு சாண் மினோ, முதுகுத் துடுப்புக்குக் கீழே தோலோடு மட்டும். முதுகெலும்பில் முள் ஏறினால் அது உடனே செத்துத் தொங்கும்.

சின்னப் பேர்ச் கூடாது. ஒன்ராறியோவில் இரையாகப் பயன்படுத்தலாம் என்று ஒரு மீன் பட்டியல் இருக்கிறது, பேர்ச் அதில் இல்லை. மிச்சம் பிடிக்கும் காசை அபராதமாகக் கட்டுவீர்கள்.

கொடி எழும்புகிறது, விழுந்தடித்து ஓடிப் போனால் ஒன்றும் இல்லை. போன ஞாயிறு ஏழு தடவை. (விட்பி வாசகர்)

ஏழும் பைக் இல்லை. சிலது காற்று. சிலது உங்கள் மினோவே பயந்து இழுத்தது, பெரிய மினோ போட்டால் கொளுக்கியைக் கொஞ்சம் இறுக்கமாக வையுங்கள். சிலது பேர்ச், வாய்க்குள் அடங்காது என்று தெரிந்தும் வந்து கொத்திப் பார்க்கும்.

மிச்சம் உண்மையான பைக்காக இருந்திருக்கலாம். பைக் இரையைக் குறுக்கே கவ்விக்கொண்டு கொஞ்ச தூரம் போகும், நின்று அதைத் தலைப்பக்கமாகத் திருப்பும், பிறகுதான் விழுங்கும். அந்தக் காலத்தில் ஒற்றை முள் போட்டவர்கள் ஒரு சிகரெட் முடியும்வரை காத்திருந்து இழுத்தார்கள். மீன் கிடைத்தது, ஆனால் முள் குடலில். சின்னதென்று திரும்ப விட்டாலும் அது சாகும். இப்போது நாங்கள் கம்பியில் இரண்டு மும்முனை முள் வைத்து, ஒன்றை முதுகிலும் மற்றதைச் செவுளுக்குப் பக்கத்திலும் கொழுவுகிறோம். குறுக்கே கவ்வினாலும் ஒரு முள் வாயில் இருக்கும், காத்திருக்கத் தேவையே இல்லை. கொடி எழும்பினால் ஓடுங்கள், கிட்டப் போனதும் மெதுவாக நடங்கள் (ஐஸில் தட தடவென்று மிதித்தால் கீழே கேட்கும்), உருளை சுழல்கிறதா என்று பாருங்கள். சுழன்றால் நூலைப் பிடித்து, இறுகியதும் சடாரென்று ஒரு இழுப்பு. சுழலாவிட்டாலும் நூலை இரண்டு விரலால் தூக்கி, கனம் தெரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் முடிவு கட்ட வேண்டும்.

தூண்டில்களை வைத்துவிட்டு கரையில் காருக்குள் ஹீற்றர் போட்டு இருக்கலாமா? (அஜக்ஸ் வாசகர், மூன்று நண்பர்கள் சார்பில்)

முடியாது. உங்கள் ஒவ்வொரு தூண்டிலுக்கும் 60 மீற்றருக்குள் நீங்கள் நிற்க வேண்டும், நடுவில் எதுவும் மறைக்காமல் அது கண்ணுக்குத் தெரிய வேண்டும், சட்டம் அப்படி. சட்டத்தை விடுங்கள், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை துளையில் சேரும் ஐஸை அள்ள வேண்டும், அரை மணிக்கு ஒருமுறை மினோவுக்கு உயிர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நான் எண்ணெயில் வடை அள்ளும் ஓட்டைக் கரண்டியைக் கொண்டுபோகிறேன். வீட்டில் கேட்டால் எனக்குத் தெரியாது.

கூடாரம் போட்டு உள்ளே அடுப்பு வைப்பவர்கள் காற்றுத் துவாரத்தைத் திறந்தே வையுங்கள். குளிருக்கு எல்லா வாசலையும் அடைத்தால் கார்பன் மொனொக்சைட் சேரும், அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை.

வாங்கும் மினோ எல்லாம் ஏரிக்குப் போவதற்குள் வாளியில் செத்துவிடுகிறது. (மிசிசாகா வாசகி)

வாளியைக் காருக்குள் வைத்து ஹீற்றரைப் போட்டிருப்பீர்கள். தண்ணீர் சூடானால் அதில் ஒட்சிசன் நிற்காது. பின்பக்கம் குளிரில் வையுங்கள், வாளிக்கு இரண்டு டசினுக்கு மேல் வேண்டாம், குழாய்த் தண்ணீர் ஊற்றவே வேண்டாம், அதில் குளோரின் இருக்கிறது. முடிந்தால் ஏரிக்கரைக் கடையிலேயே வாங்குங்கள். ஒரு வலயத்தில் வாங்கிய இரை மீனை இன்னொரு வலயத்துக்குக் கொண்டுபோவதற்கும் 2022 முதல் கட்டுப்பாடு இருக்கிறது. பற்றுச்சீட்டைப் பையில் வைத்திருங்கள், அதிகாரி கேட்பார். மிஞ்சியதைப் பாவம் என்று ஏரிக்குள் விடாதீர்கள், அது குற்றம். தண்ணீரை விட்டு முப்பது மீற்றருக்கு அப்பால் தரையில் கொட்டிவிடுங்கள்.

உயிர் மீனை முள்ளில் குத்தி இரவுபகலாகத் தொங்கவிடுவது கொடுமை இல்லையா? (மொன்றியல் வாசகர்)

இரவுபகலாக யாரும் தொங்கவிடுவதில்லை, ஆனால் கேள்வி நியாயம். எனக்கும் முழுத் திருப்தியான பதில் கிடையாது. உங்கள் கியூபெக்கில் உயிருள்ள இரை மீனை 2017 இலேயே தடை செய்துவிட்டார்கள். காரணம் இரக்கம் இல்லை, நோயும் வேண்டாத மீன் இனங்களும் ஒரு ஏரியில் இருந்து இன்னொன்றுக்கு வாளி வழியாகப் போகிறதென்றுதான். ஒன்று சொல்லலாம்: பைக்குக்குச் செத்த மீனே போதும். குளிரில் அதன் உடம்பு மந்தம், பாயாமல் கிடைக்கும் சாப்பாட்டை விடாது. நான் இப்போது பாதி நாட்கள் செத்த மீன்தான் போடுகிறேன். பேர்ச் அப்படி இல்லை, அசைவதைப் பார்த்துத்தான் வரும்.

ஐஸ் எவ்வளவு தடிப்பு இருந்தால் போகலாம்? மனைவி விடமாட்டேன் என்கிறார். (பிக்கறிங் வாசகர்)

மனைவியின் கட்சிதான் நான். தெளிந்த, நீலம் கலந்த புது ஐஸ் பத்து சென்ரிமீற்றர் ஒரு ஆளைத் தாங்கும் என்று மீன்பிடிகாரர் சொல்வார்கள், செஞ்சிலுவைச் சங்கம் பதினைந்து என்கிறது. நான் பதினைந்தின் பக்கம். வெள்ளை ஐஸ், அதாவது பனி நனைந்து உறைந்தது, அதில் பாதிப் பலம்தான், அதற்கு இரட்டிப்பாகக் கணக்குப் போடுங்கள். கடைக்காரர் காலையில் சொன்ன தடிப்பு அவர் துளை போட்ட இடத்தின் தடிப்பு. நீங்கள் போகும் இடத்தை நீங்களே துளைத்துப் பார்க்க வேண்டும், ஆற்று வாய்ப் பக்கம் போகவே வேண்டாம்.

சிம்கோவில் தடிப்பை விட வெடிப்புத்தான் எனக்குப் பயம். நான்கு வருடத்துக்கு முன் மார்ச் தொடக்கத்தில் ஒரு காலை, அரை அடி அகல வெடிப்பைத் தாண்டிப் போனேன். தெற்குக் காற்று எழும்பியது, பைக் கடித்துக்கொண்டிருந்தது, எழும்ப மனம் வரவில்லை. திரும்பி வரும்போது அதே வெடிப்பு ஒரு பாய்ச்சலில் தாண்ட முடியாத வாய்க்கால். இரண்டு கிலோமீற்றர் பக்கவாட்டில் நடந்து குறுகிய இடம் தேடினேன், அந்த நடையில் மீனைப் பற்றி ஒரு நினைப்பும் வரவில்லை. அன்றிலிருந்து மிதக்கும் அங்கி, கழுத்தில் இரண்டு கூர்ப்பிடிகள் (தண்ணீருக்குள் விழுந்தால் ஐஸில் குத்தி ஏற), காற்றுத் திசை பார்த்தல், மூன்றும் இல்லாமல் இறங்குவதில்லை.

பைக்கில் முள் அதிகம், எப்படிச் சமைப்பது? (ஸ்காபரோ வாசகி)

முதுகுப்பக்கச் சதைக்குள் கவட்டைத் தடி மாதிரி இரண்டாகப் பிரியும் முள் வரிசை ஓடுகிறது, அதுதான் தொண்டையில் நிற்பது. பொறுமை இருந்தால் அந்த வரிசையைக் கத்தியால் சுற்றி எடுக்கலாம். இல்லாவிட்டால் சதையை வழித்து, உருளைக்கிழங்கும் மிளகும் சேர்த்துக் கட்லட். பெரிய பைக்கில் பாதரசம் சேர்ந்திருக்கும், சிறுபிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கொடுக்கும் முன் மாகாணம் வெளியிடும் மீன் உண்ணும் வழிகாட்டியைப் பாருங்கள். பேர்ச்சுக்கு இந்தத் தொல்லை இல்லை, மஞ்சளும் உப்பும் பிரட்டிப் பொரித்தால் தட்டில் நிற்காது.

ஆனால் பேர்ச்சை ஏரியிலேயே தலையில் தட்டிவிட்டுக் கொண்டுவரச் சொல்லுங்கள். ஒருமுறை நான் ஐஸில் விறைத்துக் கிடந்தவற்றை அப்படியே பையில் அள்ளிவந்து குசினித் தொட்டியில் கொட்டிவிட்டுக் குளிக்கப் போய்விட்டேன். வெளியேதான் விறைப்பு, உள்ளே இல்லை போலிருக்கிறது. அம்மா செதில் உரிக்கக் கத்தியை வைத்ததும் ஒன்று வாலை அடித்துத் துள்ளியது. அம்மா போட்ட சத்தத்தில் மேல்மாடிக்காரர் கதவைத் தட்டிவிட்டார்.