பெர்சி ஜீவ்ஸ்: 50 ஆட்டங்கள், 199 விக்கெட்டுகள்

இங்கிலாந்தில் மாவட்ட அணிகள் மோதும் கவுண்டி கிரிக்கெட்டின் பழைய காலத்தைப் பற்றிப் போன முறை பேசும்போது வார்விக்‌ஷயர் அணியின் பெர்சி ஜீவ்ஸ் பெயரைச் சொல்லியிருந்தேன். அவரைப் பற்றி நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கேள்வி: சார், இவர் பெயரைத்தான் ஆங்கில நகைச்சுவை எழுத்தாளர் வுட்ஹவுஸ் தன் கதைகளில் வரும் புத்திசாலிப் பணியாளுக்கு வைத்தார் என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். 1913 ஆகஸ்டில் செல்ட்டன்ஹாமில் குளோஸ்டர்ஷயரோடு வார்விக்‌ஷயர் மோதிய ஆட்டத்தை பி.ஜி. வுட்ஹவுஸ் நேரில் பார்த்தார். பிற்பாடு கதைக்குப் பெயர் தேடியபோது அன்று பார்த்த பந்துவீச்சாளரின் பெயர் நினைவுக்கு வந்திருக்கிறது. 1967-ல் அவரே இதைக் கடிதத்தில் உறுதி செய்தார். கடிதம் போனது வார்விக்‌ஷயர் கிளப்பின் அன்றைய செயலர் ஆர்.வி. ரைடரின் மகனுக்கு. அந்த ரைடர்தான் ஜீவ்ஸைக் கண்டெடுத்தவர்.

எனக்கு இதில் ஒரு வருத்தம் உண்டு. ஜீவ்ஸ் என்று தேடினால் கதைப் பாத்திரம்தான் முதலில் வருகிறது. அந்தப் பெயர் ஒருவர் மனதில் பதியக் காரணமே அவருடைய பந்துவீச்சு. அதைப் பேசாமல் பெயரை மட்டும் பேசுவது நியாயமில்லை. அதனால் இனி பந்துவீச்சுக்கே போய்விடுவோம்.

கேள்வி: யார்க்‌ஷயரில் பிறந்தவர் வார்விக்‌ஷயருக்கு எப்படிப் போனார்?

1888 மார்ச் 5-ல் ட்யூஸ்பரி பக்கம் உள்ள எர்ல்ஸ்ஹீட்டனில் பிறந்தவர். குடும்பம் கூல் என்ற துறைமுக ஊருக்குக் குடிபோனது. கூல் கிளப்பில் ஆடிப் பழகி, அப்புறம் வென்ஸ்லிடேல் பள்ளத்தாக்கில் இருக்கும் ஹாஸ் என்ற சிற்றூருக்குச் சம்பளம் வாங்கும் ஆட்டக்காரராகப் போனார்.

1910-ல் யார்க்‌ஷயர் அவரைச் சோதித்துப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றது. அதற்காக யார்க்‌ஷயரைத் திட்டிவிட முடியாது. ஜார்ஜ் ஹர்ஸ்ட், வில்ஃப்ரட் ரோட்ஸ், ஸ்கோஃபீல்ட் ஹெய்க் மூவரும் பந்து போட்டுக்கொண்டிருந்த அணி அது. பின்னாலேயே மேஜர் பூத்தும் அலோன்சோ டிரேக்கும் வரிசையில் நின்றார்கள். புதியவருக்கு அங்கே இடம் எங்கே இருக்கிறது?

விடுமுறைக்கு வந்திருந்த ரைடர், ஹாஸில் நடந்த ஊர் ஆட்டம் ஒன்றில் இவரைப் பார்த்தார். ஓடி வந்து பந்தை விடும் அந்தச் சிரமமில்லாத நடை அவருக்குப் பிடித்துப்போனது. பர்மிங்ஹாமுக்கு வரச் சொன்னார்.

கேள்வி: அண்ணா, 1910-லேயே கண்டுபிடித்தார்கள் என்றால் ஏன் 1913 வரை ஆடவில்லை?

விதிதான் காரணம். பிறந்த கவுண்டியை விட்டு வேறொன்றுக்கு ஆட வேண்டும் என்றால், அங்கே 2 ஆண்டு குடியிருந்து தகுதி பெற வேண்டும். கவுண்டிகள் தங்களுக்குள் மோதும் சாம்பியன்ஷிப் ஆட்டங்களுக்குத்தான் இந்தக் கட்டுப்பாடு. அதனால் 1912-ல், சுற்றுப்பயணம் வந்த ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா அணிகளுக்கு எதிராக மட்டும் இரண்டு ஆட்டங்கள் ஆடினார்.

அவருடைய ஆட்ட வாழ்க்கை குறுகியதற்கு முதல் உலகப் போரை மட்டும் சொல்கிறோம். முன்பக்கத்திலும் வெட்டு விழுந்திருக்கிறது என்பதை மறந்துவிடுகிறோம். முதல் முழு சீசனைத் தொடங்கும்போதே அவருக்கு வயது 25.

கேள்வி: எப்படிப்பட்ட பந்துவீச்சாளர்? இன்றைய ஆள் யாரோடு ஒப்பிடலாம்?

வலது கை, மித வேகத்துக்குச் சற்று மேலே. பந்து தரையில் பட்டபின் மட்டையாளர் எதிர்பார்த்ததைவிடச் சுருக்காக வந்துவிடும் வகை. கீழ்வரிசையில் இறங்கி அடித்து ஆடக்கூடியவர்.

1913-ல், முதல் முழு சீசனிலேயே, 106 விக்கெட்டுகளும் 765 ரன்களும் எடுத்தார். விக்கெட் சராசரி 20.88. மொத்தமாக 50 முதல்தர ஆட்டங்களில் 199 விக்கெட்டுகள், சராசரி 20.03, 1,204 ரன்கள், சராசரி 16.05. சிறந்த பந்துவீச்சு 34 ரன்னுக்கு 7.

இன்றைய ஆட்டக்காரரோடு ஒப்பிட எனக்கு விருப்பமில்லை. அப்போது மழை பெய்தால் ஆடுகளத்தை மூடமாட்டார்கள். நனைந்து காயும் பிட்சில் எல்லாப் பந்துவீச்சாளர்களின் சராசரியும் இறங்கித்தான் இருக்கும். சரி, அதைக் கழித்துவிட்டே பாருங்கள்: இரண்டே முழு சீசன்களில் கிட்டத்தட்ட 200 விக்கெட் எடுப்பது அந்தக் காலத்திலும் எல்லோராலும் முடிந்த காரியமில்லை.

கேள்வி: வார்விக்‌ஷயர் அப்போது நல்ல அணியா?

1911-ல் சாம்பியன்ஷிப் வென்ற அணி. பெரிய ஆறு கவுண்டிகளுக்கு வெளியே இருந்து அதை வென்ற முதல் அணியும் அதுதான். கேப்டன் ஃபிராங்க் ஃபாஸ்டர் இடது கை வேகப்பந்து போடுவார், மட்டையும் பிடிப்பார். 1914-ல் வூஸ்டர்ஷயருக்கு எதிராக 305 ரன் எடுத்து ஆட்டமிழக்காமல் நின்றார். ஃபாஸ்டரும் ஜீவ்ஸும் இரு முனையிலிருந்து பந்து போட்டால் எதிரணிக்கு மூச்சு விட நேரமிருக்காது. 1915-ல் மோட்டார் சைக்கிள் விபத்தில் காயம்பட்டு ஃபாஸ்டரின் கிரிக்கெட்டும் முடிந்துபோனது.

கேள்வி: இவ்வளவு திறமை இருந்தும் இங்கிலாந்துக்கு ஏன் ஆடவில்லை?

நல்ல கேள்வி. பலர் கவனிக்காத ஒன்றைச் சொல்கிறேன். அவர் உச்சத்தில் இருந்த 1913, 1914 கோடைகளில் இங்கிலாந்து மண்ணில் ஒரு டெஸ்ட்கூட நடக்கவில்லை. 1912-ல் இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா மோதிய முத்தரப்புத் தொடர் நடந்தது. அதன்பின் உள்நாட்டில் டெஸ்ட் நடந்தது 1921-ல்தான். இடையில் இருந்த ஒரே வாய்ப்பு 1913-14 தென்னாப்பிரிக்கப் பயணம். அப்போது அவர் ஒரே ஒரு முழு சீசன் ஆடியவர். அந்தப் பயணத்தில் இங்கிலாந்துப் பந்துவீச்சாளர் சிட்னி பார்ன்ஸ் 4 டெஸ்ட்களில் 49 விக்கெட் அள்ளினார்.

ஆனால் தேர்வாளர்களின் பார்வையில் ஜீவ்ஸ் வந்துவிட்டார். 1914-ல் ஓவல் மைதானத்தில் ஜென்டில்மென் அணிக்கு எதிராக பிளேயர்ஸ் அணியில் சேர்க்கப்பட்டு 44 ரன்னுக்கு 4 விக்கெட் எடுத்தார். இவர் இங்கிலாந்துக்கு ஆடுவார் என்று முன்னாள் இங்கிலாந்து கேப்டன் பிளம் வார்னர் அப்போதே கணித்தார்.

கேள்வி: ஜென்டில்மென், பிளேயர்ஸ் என்றால்?

சம்பளம் வாங்காமல் ஆடும் வசதிக்காரர்கள் ஜென்டில்மென். ஆட்டமே பிழைப்பாக இருந்தவர்கள் பிளேயர்ஸ். ஒரே கவுண்டி அணிக்குள்ளும் இந்தப் பிரிவு இருந்தது. உடை மாற்றும் அறைகூடத் தனித்தனி. ஜீவ்ஸ் பிளேயர். இந்த ஆட்டம் 1962 வரை நடந்தது.

கேள்வி: ஐயா, போருக்கு அவரைக் கட்டாயப்படுத்தி அனுப்பினார்களா?

இல்லை. கட்டாய ராணுவச் சேவை 1916-ல்தான் வந்தது. ஜீவ்ஸ் அதற்கு முன்பே தானாகச் சேர்ந்தார். 1914 ஆகஸ்ட் 4-ல் போர் அறிவிப்பு. அந்த மாதக் கடைசியில் இங்கிலாந்தின் புகழ்பெற்ற பழைய ஆட்டக்காரர் டபிள்யூ.ஜி. கிரேஸ் பத்திரிகைக்கு எழுதி, ஆட்டத்தை நிறுத்துங்கள், ஆட்டக்காரர்கள் படையில் சேரட்டும் என்று கேட்டுக்கொண்டார். ஜீவ்ஸ் சேர்ந்தது ராயல் வார்விக்‌ஷயர் ரெஜிமென்டின் 15-வது பட்டாலியனில். பர்மிங்ஹாம் நகரத்து நண்பர்களும் கூட வேலை பார்த்தவர்களும் ஒன்றாகச் சேர்ந்த மூன்று பட்டாலியன்களில் அது ஒன்று.

1916 ஜூலை 22, பிரான்ஸில் நடந்த சோம் போரில் ஹை வுட் காட்டுப் பகுதியில் நடந்த தாக்குதலில் இறந்தார். வயது 28. உடல் கிடைக்கவில்லை. பிரான்ஸில் தீப்வால் நினைவுச் சின்னத்தில், கல்லறை இல்லாத 72,000-க்கும் மேற்பட்டவர்களின் பெயர்களோடு அவர் பெயரும் இருக்கிறது. போக முடிந்தவர்கள் அவருடைய ரெஜிமென்டின் பெயர் பொறித்த பகுதியில் தேடுங்கள்.

கேள்வி: இவரைப் போல வேறு யாரைப் படிக்கலாம்?

மேலே சொன்ன பூத்தையும் டிரேக்கையும் கட்டாயம் படியுங்கள். மேஜர் என்பது பூத்துக்குப் பெற்றோர் வைத்த பெயர், ராணுவப் பதவி இல்லை. 1914 ஆகஸ்டில் இந்த இருவரும் அடுத்தடுத்து இரண்டு ஆட்டங்களில், வேறு யாருமே பந்து போடாமல், எதிரணியை முழுதாகச் சுருட்டினார்கள். அதில் சாமர்செட்டுக்கு எதிரான ஆட்டத்தில் டிரேக் ஒரே இன்னிங்ஸில் 35 ரன்னுக்கு 10 விக்கெட்டுகளையும் எடுத்தார். பூத் 1916 ஜூலை 1-ல், சோம் போரின் முதல் நாளிலேயே இறந்தார். டிரேக் 1919-ல் நோயில் போனார். அந்த ஆண்டுதான் கவுண்டி சாம்பியன்ஷிப் மறுபடி தொடங்கியது. ஆட்டங்களை இரண்டு நாளாகக் குறைத்து ஒரு சீசன் நடத்திப் பார்த்தார்கள், சரிவரவில்லை, விட்டுவிட்டார்கள்.