ஐஸ் பெட்டியும் தகரக் கூரையும்: வெப்பக் கடத்தல் கேள்வி பதில்

திருக்கடலூர் மீன் வியாபாரி: மாஸ்டர், ரெஜிபோம் (வெள்ளை நுரைப் பிளாஸ்ரிக்) பெட்டியில் ஐஸ் மணித்தியாலத்துக்கு எவ்வளவு கரையும் என்று கணக்குப் பார்க்கலாமா?

பார்க்கலாம் அண்ணை. ஆறு பக்கமும் சேர்த்து 1.6 சதுர மீற்றர், தடிப்பு 4 சென்ரிமீற்றர், உள்ளே 0 பாகை, வெளியே 30 பாகை என்று வைப்போம். ரெஜிபோமின் வெப்பக் கடத்தாறு, அதாவது வெப்பத்தை எவ்வளவு இலகுவாகக் கடத்தும் என்பதைக் காட்டும் எண், ஏறத்தாழ 0.035. அதைப் பரப்பாலும் வெப்பநிலை வித்தியாசத்தாலும் பெருக்கித் தடிப்பால் பிரியுங்கள்: 0.035 × 1.6 × 30 ÷ 0.04 = 42 வாற்று. மணித்தியாலத்துக்கு 151,200 யூல். ஒரு கிலோ ஐஸ் கரைய 334,000 யூல் அளவில் வேண்டும். ஆகவே 450 கிராம் போகும். நிமிடத்துக்கு ஒருக்கால் மூடியைத் திறந்துவிட்டு என் கணக்கைக் குறை சொல்லக் கூடாது.

உவர்மலை மாணவி: சேர், வெப்பநிலைகளுக்கு 273 கூட்ட வேண்டாமா?

இரண்டுக்கும் கூட்டினால் கழிக்கும்போது போய்விடும். சென்ரிமீற்றரை மீற்றராக்க மறப்பதில்தான் புள்ளி போகிறது.

கிண்ணியா மாணவன்: பெட்டிக்கு வெளியே 1 சென்ரிமீற்றர் பலகை அடித்தால் இரண்டு கடத்தாறுகளையும் கூட்டுவதா?

இல்லை தம்பி. உறுதிநிலையில், அதாவது வெப்பநிலைகள் மாறாமல் நிற்கும்போது, பலகைக்குள்ளால் போகும் அதே வெப்பம்தான் ரெஜிபோமுக்குள்ளாலும் போகிறது. தடிப்பைக் கடத்தாற்றால் பிரித்தால் வருவதுதான் வெப்பத்துக்கான தடை; அவற்றைக் கூட்டு. பலகைக்கு 0.01 ÷ 0.15, அதாவது 0.07. ரெஜிபோமுக்கு 1.14. மொத்தம் 1.21. இப்போது 30 × 1.6 ÷ 1.21, ஏறத்தாழ 40 வாற்று. பலகை மிச்சம் பிடித்தது 2 வாற்றுத்தான். பெட்டி உடையாமல் இருக்க வேண்டுமென்றால் அடிக்கலாம்.

நிலாவெளி மாணவன்: தகரக் கூரை 0.5 மில்லிமீற்றர், உருக்கின் கடத்தாறு 50, வெளியே 40 பாகை, வீட்டுக்குள் 30. சதுர மீற்றருக்குப் பத்து லட்சம் வாற்று வருகிறதே சேர்!

நல்ல கேள்வி. உச்சி வெயிலே சதுர மீற்றருக்கு 1000 வாற்று அளவுதான். உன் பெருக்கல் சரி, போட்ட வெப்பநிலைதான் பிழை. சமன்பாடு கேட்பது தகரத்தின் இரண்டு முகங்களின் வெப்பநிலையை. நீ போட்டது காற்றினுடையதை. அந்த 1000 வாற்றும் முழுதாகத் தகரத்துக்குள்ளால் போனாலும் முகங்களுக்கிடையே 0.01 பாகைதான் வித்தியாசம் இருக்கும். மீதி வெப்பநிலை வித்தியாசமெல்லாம் தகரத்தை ஒட்டியுள்ள காற்றுப் படையில் விழுகிறது.

ஐஸ் பெட்டிக்கு நானும் காற்றின் 30 பாகையைத்தானே போட்டேன்? அங்கே பெரிய தடை ரெஜிபோம்தான் என்பதால் தப்பினேன். சரியாகப் பார்த்தால் 42ஐ விடக் கொஞ்சம் குறையும்.

அதே மாணவன்: அப்போ தடித்த தகரம் போட்டால் வீடு குளிருமா?

காசுதான் போகும். மேலே கிடுகு போடச் சொல்லு.