செவிலியர் படிப்பு: பட்டமா, பட்டயமா?

கேள்வி: என் மகள் பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் பாடங்கள் எடுத்து 68 விழுக்காடு பெற்றிருக்கிறாள். நர்ஸ் ஆக வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் விருப்பம். பி.எஸ்சி. நர்சிங் படித்தால்தான் மதிப்பு என்கிறார்கள் சிலர்; ஜி.என்.எம். (பொது செவிலியமும் பேறுகாலப் பராமரிப்பும்) பட்டயமே போதும் என்கிறார்கள் வேறு சிலர். இதற்கிடையில், வெளிமாநிலக் கல்லூரி ஒன்றில் இடம் வாங்கித் தருவதாகச் சொல்லும் தரகர் முன்பணம் கேட்டு நெருக்குகிறார். என்ன செய்யலாம்? (விழுப்புரம் வாசகி)

பதில்: அன்புச் சகோதரி, தரகரிடம் முன்பணமும் கொடுக்க வேண்டாம், மகளின் அசல் சான்றிதழ்களையும் ஒப்படைக்க வேண்டாம். சான்றிதழ்கள் கல்லூரியில் மாட்டிக்கொண்டு, படிப்பைத் தொடரவும் முடியாமல் விடவும் முடியாமல் தவித்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

பி.எஸ்சி. நர்சிங் 4 ஆண்டு, ஜி.என்.எம். 3 ஆண்டு. எதை முடித்தாலும் மாநில செவிலியர் குழுமத்தில் பதிவு செய்து பணிக்குச் செல்லலாம்; அரசு மருத்துவமனைகளுக்கு ஆள் எடுக்கும் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் தேர்வையும் இரு சாராரும் எழுதலாம். செவிலியர் கல்லூரியில் ஆசிரியராவதற்கும் எம்.எஸ்சி. படிப்பதற்கும் பட்டம் தேவை. பட்டயம் முடித்தவர்களும் 2 ஆண்டு போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. படித்து அந்தப் பட்டத்தைப் பெறலாம். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையை நிறுவிய மருத்துவர் ஐடா ஸ்கடர் அங்கே 1909-இல் தொடங்கிய செவிலியர் பள்ளிதான் 1946-இல் பட்டப்படிப்பு நடத்தும் கல்லூரியாக வளர்ந்தது.

குடும்பச் சூழல் இடம் கொடுத்தால் பட்டப்படிப்பையே நான் சொல்வேன். ஆனால் நோயாளிகளே இல்லாத கல்லூரியில் பெறும் பட்டத்தைவிட, கூட்டம் நிறைந்த மருத்துவமனையோடு சேர்ந்த பள்ளியில் பெறும் பட்டயம் பல மடங்கு மேலானது. 500 மில்லி குளுக்கோஸை 4 மணி நேரத்தில் ஏற்றச் சொன்னால், ஒரு மில்லிக்கு 20 சொட்டு விழும் குழாயில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 42 சொட்டு விழ வேண்டும் என்று கணக்குப் போடுவதை எந்த வகுப்பிலும் கற்றுக்கொள்ளலாம். கைக்கடிகாரத்தின் நொடிமுள்ளைப் பார்த்தபடி அந்தச் சொட்டுகளை எண்ணுவதும், எண்ணிக்கொண்டிருக்கும்போதே நோயாளியின் கை வீங்குவதைக் கவனித்து உடனே குழாயை மூடுவதும் வார்டில் நின்றால்தான் வரும்.

சென்னை, மதுரை போன்ற ஊர்களில் அரசு மருத்துவக் கல்லூரிகளோடு இணைந்த செவிலியர் கல்லூரிகள் இருக்கின்றன. மருத்துவக் கல்வித் துறையின் தேர்வுக் குழு அறிவிப்பு வெளியிட்டதும் தாமதமின்றி விண்ணப்பியுங்கள்.

தனியார் கல்லூரி என்றால், அதற்கு மாநில செவிலியர் குழுமத்தின் அனுமதியும் பல்கலைக்கழக இணைப்பும் உண்டா என்று நீங்களே நேரில் கேட்டுத் தெளிவு பெறுங்கள். வேலை நாள் ஒன்றில் காலையிலேயே அதன் மருத்துவமனைக்குப் போய், கட்டில்களில் நோயாளிகள் இருக்கிறார்களா, மாணவிகள் அவர்கள் அருகில் நின்று வேலை செய்கிறார்களா என்று பாருங்கள். போகும்போது மகளையும் அழைத்துச் செல்லுங்கள். நான்கு ஆண்டுகள் தான் நிற்கப்போகும் வார்டை அவளும் ஒருமுறை நடந்து பார்க்கட்டும்.