பொதுவான டெஸ்ட் லைப்ரரியை எங்கே வைத்துப் பராமரிப்பது?

கேள்வி: எங்களுடைய மூன்று ஓப்பன் சோர்ஸ் திட்டங்களுக்கும் ஒரே டெஸ்ட் லைப்ரரிதான். அது முதல் திட்டத்தின் ரெப்போவுக்குள் (கோடும் அதன் மாற்ற வரலாறும் இருக்கும் இடம்) ஒரு ஃபோல்டராக இருக்கிறது. மற்ற இரண்டும் நகலெடுத்து வைத்திருக்கின்றன. தன் சொந்தக் கணக்குக்கு மாற்றிக்கொள்வதாக ஒருவர் சொல்கிறார். ஃபவுண்டேஷன் ஏதாவதிடம் ஒப்படைக்கலாம் என்கிறார் இன்னொருவர். என்ன செய்யலாம்?

பதில்: முதலில் கமிட் வரலாற்றை, அதாவது கோடில் செய்த மாற்றங்களின் பதிவை, திறந்து, கடந்த ஓராண்டில் அந்த ஃபோல்டரில் நடந்த மாற்றங்களை எண்ணிப் பாருங்கள். பெரும்பாலானவை முதல் திட்டத்தின் கோடோடு சேர்ந்தே வந்திருந்தால், இப்போதைக்குப் பிரிக்க வேண்டாம். பிரித்தால் ஒரு சின்னத் திருத்தத்துக்கும் இரண்டு புல் ரிக்வெஸ்ட் (மாற்றத்தைச் சேர்க்கக் கேட்பது), நடுவில் ஒரு ரிலீஸ் என்று இழுக்கும். அப்புறம், லைப்ரரி அந்தத் திட்டத்தின் உள் மாட்யூல் எதையாவது இம்போர்ட் செய்கிறதா என்றும் பாருங்கள். செய்தால் அந்தப் பிடியை முதலில் அறுக்க வேண்டும். இல்லாவிட்டால் லைப்ரரிக்குத் திட்டம் வேண்டும், திட்டத்துக்கு லைப்ரரி வேண்டும் என்று சுற்றிக்கொண்டே இருப்பீர்கள்.

நகல் வைத்திருப்பதைப் பற்றிக் கூச்சப்பட வேண்டியதில்லை. கம்பைலர் கருவிகளுக்கான எல்எல்விஎம் திட்டம், கூகுளின் டெஸ்ட் லைப்ரரியான கூகுள்டெஸ்ட்டின் நகலைத் தன் ரெப்போவுக்குள்ளேயே வைத்திருக்கிறது. பிரவுசர் திட்டங்களான குரோமியமும் ஃபயர்ஃபாக்ஸும், பிரவுசர்களுக்குப் பொதுவான டெஸ்ட்களின் தொகுப்பான வெப் பிளாட்ஃபார்ம் டெஸ்ட்ஸின் நகலைத் தத்தம் ரெப்போவில் வைத்திருக்கின்றன. அங்கே எழுதப்படும் டெஸ்ட்கள் தானியங்கிக் கருவிகள் வழியே பொது ரெப்போவுக்குத் திரும்பிப் போகின்றன. நகலில் செய்த திருத்தம் மூலத்துக்குத் திரும்பாமல் நின்றுபோகும்போதுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

சொந்தக் கணக்கு வேண்டாம் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். அந்த நண்பர் மீது சந்தேகப்பட்டுச் சொல்லவில்லை. அவருக்கு உடம்பு சரியில்லாமல் போகலாம், வேலை மாறலாம், ஆர்வம் வற்றிப்போகலாம். 2016-ல் ஜாவாஸ்கிரிப்ட் தொகுப்புகளின் பொதுக் களஞ்சியமான என்பிஎம்மில் 11 வரி கொண்ட லெஃப்ட்-பேட் தொகுப்பை அதை எழுதியவர் நீக்கியதும், எத்தனையோ திட்டங்களின் பில்ட் நின்றது. 2018-ல் ஈவென்ட்-ஸ்ட்ரீம் என்ற தொகுப்பின் பராமரிப்பு, உதவ முன்வந்த புதியவர் ஒருவரிடம் போனது. பிட்காயின் வாலட்டைக் குறிவைத்த தீய கோடு அதன் வழியே உள்ளே நுழைந்தது.

'இது வெறும் டெஸ்ட்தானே' என்று நினைக்காதீர்கள். டெஸ்ட் லைப்ரரி ஓடுவது உங்கள் கணினியிலும், டெஸ்ட்களைத் தானாக ஓட்டும் சிஐ-யிலும். ரகசியச் சாவிகள் இருப்பதும் பெரும்பாலும் அங்கேதான். 2024-ல் எக்ஸ்இசட் என்ற, ஃபைல்களைச் சுருக்கும் கருவித்தொகுப்பில் பின்கதவு வைத்தவர், தீய கோடை ஒளித்துவைத்த இடமே டெஸ்ட் ஃபைல்கள்தான்.

ரெப்போ எந்த முகவரியில் இருக்கிறது என்பதைவிட, தொகுப்பை வெளியிடும் உரிமை யார் கையில் இருக்கிறது என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். அது குறைந்தது மூன்று பேரிடம், திட்டத்துக்கு ஒருவராக, இருக்கட்டும்.

ஃபவுண்டேஷன் உங்களுக்கு இப்போது தேவைப்படாது. ஜாவாஸ்கிரிப்ட் டெஸ்ட் கருவியான ஜெஸ்ட் 2022-ல் மெட்டாவிடமிருந்து ஓப்பன்ஜேஎஸ் ஃபவுண்டேஷனுக்குப் போனது, ஆனால் அது எங்கும் பரவிய கருவி. ஃபவுண்டேஷன் சட்டம், வணிகக்குறி போன்றவற்றைக் கவனித்துக்கொள்ளும். இஷ்யூவுக்கு, அதாவது பயனர்கள் பதியும் குறைகளுக்கு, பதில் சொல்லும் ஆட்கள் நீங்கள்தான்.

ஆக, கமிட் வரலாறு பிரிக்கச் சொன்னால், மூன்று திட்டங்களுக்கும் பொதுவாக கிட்ஹப்பில் ஓர் ஆர்கனைசேஷன் (பலர் சேர்ந்து நடத்தும் கணக்கு) தொடங்கி அதில் வையுங்கள். உங்களுடையது பைத்தானின் டெஸ்ட் கருவியான பைடெஸ்ட்டுக்கான பிளக்இன் என்றால், பைடெஸ்ட்-டெவ் ஆர்கனைசேஷனில் சேர்த்துக்கொள்ளும்படி கேட்கலாம். அங்கே போன பிறகும் எழுதியவர்களே பராமரிப்பைத் தொடர முடியும்.

மாற்றும்போது ஃபோல்டரை அப்படியே காப்பி செய்யாதீர்கள். கிட் ஃபில்டர்-ரெப்போ என்ற கருவியால் வரலாற்றோடு பிரித்தெடுங்கள். ஒரு விசித்திரமான வரி ஏன் இருக்கிறது என்று பிறகு தேடுபவருக்கு அது பெரிய உதவி. கிட்ஹப்பில் இஷ்யூக்களை ஒரே உரிமையாளரின் ரெப்போக்களுக்கு இடையே மட்டுமே நகர்த்த முடியும். அதனால் புதிய ரெப்போவை முதல் திட்டத்தின் கணக்கிலேயே தொடங்கி, இஷ்யூக்களை நகர்த்திவிட்டு, அப்புறம் ரெப்போவையே பொது ஆர்கனைசேஷனுக்கு மாற்றுங்கள். பழைய முகவரி தானாகவே புதியதுக்குத் திருப்பிவிடும். பழைய கணக்கில் அதே பெயரில் வேறொரு ரெப்போ தொடங்கினால் மட்டும் அந்தத் திருப்பம் அறுந்துவிடும்.

பைத்தான் தொகுப்புகளின் களஞ்சியமான பைபிஐ-யில் டிரஸ்டட் பப்ளிஷிங் (கடவுச்சொல் இல்லாமல் ரெப்போவிலிருந்தே வெளியிடும் முறை) வழியாக வெளியிடுபவர்கள், புதிய உரிமையாளர் பெயரை அங்கேயும் பதிய வேண்டும். கோ மொழியில் இம்போர்ட் பாதையே பெரும்பாலும் ரெப்போ முகவரிதான் என்பதால், பயன்படுத்துபவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இதற்கெல்லாம் முன்னால், அந்த இரண்டு நகல்களையும் மூலத்தோடு டிஃப் எடுத்து, எங்கே வேறுபடுகின்றன என்று பாருங்கள். அவற்றில் யாரோ எப்போதோ செய்த திருத்தங்கள் கட்டாயம் இருக்கும். அவற்றைச் சேர்த்து, மூன்று திட்டங்களின் டெஸ்ட்களும் ஒரே வெர்ஷனில் ஓடி முடிந்த நாளில் ரெப்போவை நகர்த்துங்கள்.