பாட்டிய கையால வரையட்டும், பஸ்ஸ கம்ப்யூட்டர்ல ஓட்டட்டும்

அக்கா, நீங்க அனுப்புனத ரெண்டு தடவ படிச்சேன். பையன் அனிமேஷன் கடைசி வருஷம், படம் முடிக்க நாலு மாசம்தான் இருக்கு, அவன் பாட்டி கேரக்டர கையால வரைவேன் டவுன் பஸ்ஸ மட்டும் த்ரீடில பண்ணுவேன்னு நிக்கிறான், அவங்கப்பா இந்தக் காலத்துல எவன்டா கையால வரையுறான் முழுசா த்ரீடி பண்ணு அப்பதான் வேலைன்னு சண்ட போடுறாரு, நடுவுல ஒன்றர லட்சத்துக்குக் கம்ப்யூட்டர் வாங்கற பேச்சு வேற. இதுதானே விஷயம்?

பையன் சொல்றது கிறுக்குத்தனம் இல்ல. 1999ல வந்த தி அயர்ன் ஜெயண்ட் படத்த அவங்கப்பாவ உக்கார வச்சு காட்டுங்க. அதுல சின்னப் பையன், அவன் அம்மா எல்லாம் கையால வரைஞ்சது, அந்த ராட்சச ரோபோ மட்டும் கம்ப்யூட்டர். இரும்பு உடம்ப எல்லாக் கோணத்துலயும் அளவு மாறாம கையால வரையறது உயிர் போற வேலை, ஒரு டிராயிங்ல தோள் பெருசா இருக்கும் அடுத்ததுல சிறுத்துடும், அப்பறம் எங்க இரும்புன்னு நம்புறது. ஆனா கம்ப்யூட்டர் போட்ட கோடு ரொம்ப நறுக்குன்னு இருந்து ஒட்டாம போச்சுன்னு, அந்தக் கோட்ட வேணும்னே லேசா நடுங்க வச்சாங்க. இன்னும் பின்னாடி போனா 1986லயே டிஸ்னியோட எலி துப்பறியும் படத்துல லண்டன் பிக் பென் மணிக்கூண்டு பல்சக்கரமெல்லாம் கம்ப்யூட்டர் போட்டுக் குடுத்த கோடுதான், அதுக்குள்ள ஓடுற எலிங்க கையால வரைஞ்சது. உங்க பையனோட பஸ்ஸும் இரும்புதானே. பாட்டியோட சேலை மடிப்பும் முகச் சுருக்கமும் கைல வந்தா தனி அழகு. பிரிச்ச விதம் சரியாத்தான் இருக்கு.

எனக்குப் பயம் வேற இடத்துல. நாலு நிமிஷப் படம்னு எழுதியிருக்கீங்க. ஒரு செகண்டுக்கு 24 ஃப்ரேம், அதாவது 24 தனித்தனி படம், ஒரு டிராயிங்க ரெண்டு ஃப்ரேம் நிறுத்துனாலும் 12 டிராயிங், 240 செகண்டுக்கு 2880. ரஃப், கிளீனப் (கோட்டத் தெளிவா திரும்ப வரையறது), கலர் எல்லாம் சேத்து ஒரு நாளைக்கு 15 முடிக்கிறான்னு வச்சாலும் 192 நாள் ஆகுது, கையில இருக்கறது 120 நாள், அதுலயும் பரீட்சை, பொங்கல், காய்ச்சல் எல்லாம் வரும். அதனால படத்த ரெண்டு நிமிஷத்துக்குக் கொண்டுவரச் சொல்லுங்க, கெஞ்சியாவது. பாட்டி சீட்ல உக்காந்து ஜன்னல் வழியா பாக்குற இடத்துல முகமும் முந்தானையும் மட்டும் அசைஞ்சா போதும், மீதிய வெளில ஓடுற ரோடு பாத்துக்கும்.

இனி இது தம்பிக்கு, அவன்கிட்ட காட்டுங்க.

தம்பி, த்ரீடிய முதல்ல பண்ணு, அப்பறம் வரை. நான் படிக்கும்போது எங்க குரூப்பு இத தலைகீழா பண்ணோம். ஆள் ஏறி இறங்குறதெல்லாம் ஆசையா வரைஞ்சு முடிச்சிட்டு கடைசில லாரிய மாடல் பண்ணி உள்ள வச்சா பெர்ஸ்பெக்டிவ், அதான் பாக்குற கோணம், எங்கயோ நிக்குது, ஆள் காத்துல மிதக்குறான், முக்கால்வாசி திரும்ப வரைஞ்சோம், அந்த எரிச்சல் இன்னும் போகல. நீ பிளெண்டர்ங்கற த்ரீடி சாஃப்ட்வேர்ல பஸ்ஸ வெறும் டப்பாவா வை, பாட்டி உயரத்துக்கு ஒரு பொம்மைய பக்கத்துல நிறுத்து, கேமராவ முடிவு பண்ணு, பிஎன்ஜி சீக்வன்ஸா, அதாவது ஃப்ரேமுக்கு ஒரு படமா எடுத்து, கிரிட்டா இல்ல ஓப்பன்டூன்ஸ்னு வரையுற சாஃப்ட்வேர்ல கீழ் லேயரா போட்டு அதுமேல வரை. பஸ்ஸுக்கு ஆணி, ஹெட்லைட், போர்டு எல்லாம் அப்பறம் சேத்துக்கலாம்.

ரெண்டாவது, அசைவு. பாட்டி செகண்டுக்கு 12 டிராயிங், பஸ் 24ன்னு வழவழன்னு போனா ரெண்டும் வேற வேற படம் மாதிரி தெரியும். பஸ்ஸோட அசைவையும் ரெண்டு ஃப்ரேமுக்கு ஒரு தடவ மட்டும் நகர்ற மாதிரி ஸ்டெப் பண்ணிப் பாரு. ஆனா கேமரா நகர்ற ஷாட்ல ஜாக்கிரத, கேமரா ஒவ்வொரு ஃப்ரேமும் நகரும் பாட்டி ரெண்டு ஃப்ரேமுக்கு ஒருதடவதான் நகருவா, கால் தரையில வழுக்குற மாதிரி அதிரும். அந்த மாதிரி ஷாட்ல பாட்டிய 24ஆ வரையணும், இல்லன்னா கேமராவ நிறுத்திடு. நான்னா நிறுத்திடுவேன்.

கோடு, வெளிச்சம் ரெண்டும் பிளெண்டர்லயே முடியும். அதுல இருக்கற லைன் ஆர்ட்ல பஸ்ஸுக்கு அவுட்லைன் எடுத்து, கோடு லேசா நடுங்க நாய்ஸ் மாடிஃபயர் கொஞ்சமா போடு, நிழலுக்கு வெளிச்சம், இருட்டுன்னு ரெண்டே டோன். பாட்டி காலுக்குக் கீழ பஸ் தரையில ஒரு சின்ன நிழல் வரைய மறக்காத, அது இல்லன்னா ஸ்டிக்கர் ஒட்டுன மாதிரி இருக்கும்.

உன் படம் நிக்கிறதும் விழறதும் பாட்டி கம்பியப் பிடிக்கிற அந்த ஒரு ஷாட்லதான். விரல் கம்பிக்கு முன்னாடி, உள்ளங்கை கம்பிக்குப் பின்னாடி, நடுவுல கம்பி. அதனால கம்பிய தனியா பின்னணி இல்லாம ரெண்டர் எடுத்து, அதாவது படமா வெளிய எடுத்து, வரைஞ்ச கைய ரெண்டு லேயரா பிரிச்சு சாண்ட்விச் மாதிரி அடுக்கணும். 2002ல வந்த டிரெஷர் பிளானட் படத்துல சில்வர்னு ஒரு விண்வெளிக் கொள்ளைக்காரன், உடம்பு கையால வரைஞ்சது, இயந்திரக் கை மாதிரி இயந்திரப் பாகமெல்லாம் த்ரீடி. அந்தத் தோள்பட்டைய ஃப்ரேம் ஃப்ரேமா நிறுத்திப் பாரு.

அக்கா, மறுபடி உங்ககிட்ட. அவங்கப்பா பயத்துல நியாயம் இருக்கு, நம்ம ஊர்ல வெறும் கையால வரையுற வேலை கம்மிதான், சென்னை, ஹைதராபாத், பெங்களூரு எங்க போனாலும் த்ரீடியும் விஎஃப்எக்ஸும்தான் (சினிமால கம்ப்யூட்டர் காட்சி சேக்கற வேலை) கூட. ஆனா இன்டர்வியூல உக்காந்து ரீல், அதான் பசங்க செஞ்ச வேலையோட தொகுப்பு வீடியோ, பாக்குறவருக்கு பஸ் எவ்ளோ பளபளன்னு இருக்குங்கறது பெருசு இல்ல, அந்த மாதிரி பஸ் எல்லாப் பசங்க ரீல்லயும் இருக்கும். கம்பி ஷாட்ட வெறும் டப்பா, ரஃப், கலர், ஃபைனல்னு வரிசையா 20 செகண்டுல காட்டுனா லேஅவுட்டும் (ஷாட்ட அமைக்கறது) காம்போசிட்டிங்கும் (லேயர்கள ஒண்ணா சேக்கறது) இவனுக்குப் புரியுதுன்னு அவருக்குத் தெரிஞ்சிரும், வேலை அந்தப் பக்கமும் இருக்கு. மேல படிக்கணும்னா ஐஐடி பாம்பேல அனிமேஷனுக்கு எம்.டெஸ்னு டிசைன் மேற்படிப்பு இருக்கு, அதுக்கு சிஇஇடிங்கற (CEED) நுழைவுப் பரீட்சை எழுதணும், அகமதாபாத் என்ஐடிங்கற (NID) டிசைன் கல்லூரிக்குத் தனி நுழைவுத் தேர்வு. அந்தப் பரீட்சைலயெல்லாம் கையால வரையச் சொல்லுவாங்க, அவங்கப்பாகிட்ட இத மட்டும் அழுத்திச் சொல்லுங்க.

கம்ப்யூட்டர இப்ப வாங்காதீங்க. நான் சொன்ன சாஃப்ட்வேர் மூணும் இலவசம், ரெண்டு டோன் பஸ் ரெண்டருக்கு காலேஜ் லேபே போதும். ஸ்கிரீன் இல்லாத பென் டேப்லெட் சில ஆயிரத்துக்குக் கிடைக்கும், அவன்கிட்ட இல்லன்னா அத வாங்கிக் குடுங்க. அந்தக் கம்பி பிடிக்கிற ஷாட், அஞ்சு செகண்டு, 60 டிராயிங், அத மட்டும் பத்து நாள்ல முடிச்சு எனக்கு அனுப்பச் சொல்லுங்க. ஒன்றர லட்சத்தப் பத்தி அதுக்கப்பறம் பேசலாம்.