டஸ்கனியில் ஆறு நாள்: எட்டு ஊர் வேண்டாம், ஐந்து போதும்

கேள்வி: அக்டோபர் முதல் வாரத்தில் இத்தாலி போகிறோம். ரோமை முடித்துக்கொண்டு டஸ்கனிக்கு ஆறு நாள் ஒதுக்கியிருக்கிறோம். புளோரன்ஸ், சியேனா, சான் ஜிமிஞானோ, வோல்டெர்ரா, அரெட்ஸோ, மொன்டால்ச்சீனோ, பியென்சா, மொன்டெபுல்ச்சானோ என்று எட்டு ஊர் எழுதி வைத்திருக்கிறேன். அப்பாவுக்கு 68, அம்மாவுக்கு 64. இருவரும் சைவம், மதுவைத் தொடமாட்டார்கள். நானும் மனைவியும் ஒரு திராட்சைப் பண்ணையைப் பார்த்து ஒயின் சுவைக்க விரும்புகிறோம். திரும்புவது ரோமிலிருந்து. வாடகைக் கார் எடுக்கலாமா? - கோவை வாசகர்.

முதலில் அந்தப் பட்டியலிலிருந்து வோல்டெர்ராவையும் அரெட்ஸோவையும் அடித்துவிடுங்கள். மனம் ஒப்பாவிட்டாலும் சான் ஜிமிஞானோவையும் அடித்துவிடுங்கள். ஒரு காலத்தில் 72 கோபுரங்கள் நின்றதாகச் சொல்லப்படும் ஊர் அது. இன்று பதினான்கு மிச்சம். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் பகல் முழுவதும் சுற்றுலா பஸ்களின் கூட்டம் அங்கே நெரியும். இரவு தங்கினால்தான் அந்த ஊர் தன் முகத்தைக் காட்டும். உங்களிடம் அதற்கு இரவு இல்லை. மீதி ஐந்து ஊர் ஆறு நாளுக்குத் தாராளம்.

புளோரன்ஸில் இரண்டு இரவு, சியேனாவில் இரண்டு இரவு, தெற்கே மற்ற மூன்று ஊருக்கும் பக்கமான ஒர்ச்சா பள்ளத்தாக்கில் ஒரு பண்ணை வீட்டில் இரண்டு இரவு. முதல் நான்கு நாள் கார் வேண்டவே வேண்டாம். ரோமிலிருந்து புளோரன்ஸுக்கு அதிவேக ரயிலில் ஒன்றரை மணி நேரம். புளோரன்ஸிலிருந்து சியேனாவுக்கு ரயிலைவிட விரைவு பஸ் நல்லது. பஸ் ஊரின் விளிம்பிலேயே இறக்கிவிடும். ரயில் நிலையமோ மலையடியில் இருக்கிறது, அங்கிருந்து வரிசையாக நகரும் படிக்கட்டுகளில் ஏறி வர வேண்டும். பஸ் டிக்கெட்டை வெளியே 'டி' என்ற எழுத்துப் பலகை மாட்டிய புகையிலைக் கடைகளில் வாங்கலாம். காகித டிக்கெட் என்றால், பஸ்ஸோ உள்ளூர் ரயிலோ, அதற்குரிய இயந்திரத்தில் முத்திரை பதிக்க மறக்காதீர்கள். முத்திரை இல்லாத டிக்கெட்டுக்கு அபராதம் உண்டு.

சியேனாவில் இரண்டு இரவு எதற்கு என்று கேட்பீர்கள். மாலை ஐந்து மணிக்கு மேல் பகல்நேரக் கூட்டம் பஸ் ஏறிவிடும். அதன்பின் காம்போ சதுக்கத்துக்குப் போய் உள்ளூர்க்காரர்களைப்போல் தரையிலேயே உட்காருங்கள். சிப்பியின் உட்புறம்போல் சரிந்திறங்கும் செங்கல் தரை அது. ஒன்பது பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. 1287 முதல் 1355 வரை அந்நகரை ஆண்ட ஒன்பதின்மர் ஆட்சியின் நினைவு அந்த ஒன்பது.

எதிரே நிற்கும் நகர மாளிகைக்குள் அம்ப்ரோஜியோ லோரென்செட்டி 1338-39இல் வரைந்த சுவரோவியம் இருக்கிறது. நல்லாட்சியும் தீய ஆட்சியும் நகரத்தையும் நாட்டுப்புறத்தையும் என்ன செய்யும் என்பதே அதன் பொருள். பெற்றோரை அவசியம் அதன் முன் நிறுத்துங்கள். படத்தின் நடுவே கோட்டைச் சுவரும் வாயிலும். பட்டாடை அணிந்தவர்கள் குதிரையில் வேட்டைக்கு வெளியே போகிறார்கள். எதிரே ஒரு குடியானவன், தோளைச் சுற்றி வெள்ளைப் பட்டை போட்ட கறுப்புப் பன்றி ஒன்றை ஓட்டிக்கொண்டு ஊருக்குள் வருகிறான். அந்தப் பன்றி இனம் இன்றும் சியேனாவைச் சுற்றி வளர்க்கப்படுகிறது. பின்னால் சரிவுகளில் திராட்சைத் தோட்டங்கள். இரண்டு நாள் கழித்து நீங்கள் காரில் கடக்கப்போகும் நிலம் ஏறக்குறைய இதுதான். அதனால்தான் சியேனாவைப் பள்ளத்தாக்குக்கு முன்னால் வைக்கச் சொல்கிறேன். பராமரிப்புப் பணிக்காக அந்த அறை மூடப்படுவதுண்டு; முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

பேராலயத்தின் சித்திரப் பளிங்குத் தரை ஆண்டின் பெரும்பகுதி மூடியே இருக்கும். கோடையிலும் இலையுதிர்காலத் தொடக்கத்திலும் திறப்பார்கள். உங்கள் தேதி பொருந்த வாய்ப்பு உண்டு. பக்கத்தில் கூரையில்லாமல் நிற்கும் பெருஞ்சுவரையும் பாருங்கள். பேராலயத்தை இன்னும் பெரிதாக்கத் தொடங்கிய வேலை அது. 1348இல் கொள்ளைநோய் ஊரைச் சூறையாடியது, வேலையும் நின்றது.

ஐந்தாம் நாள் காலை காரை எடுங்கள். பழைய நகருக்குள் இருக்கும் அலுவலகம் வேண்டாம், வெளிப்புறத்தில் எடுங்கள். இந்திய உரிமத்தோடு, இங்கே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தரும் சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் கையில் இருக்க வேண்டும். அங்கே வண்டி சாலையின் வலப்பக்கம் ஓடும், ஸ்டீயரிங் இடப்பக்கம், கியர் வலக்கையில். ஆட்டோமேட்டிக் வண்டியை முன்பதிவு செய்யுங்கள். கூடுதல் பணம்தான், ஆனால் மலைச்சாலையில் அது உங்கள் கவனத்தை மிச்சப்படுத்தும்.

இனி நான் சொல்வதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். இத்தாலியின் பழைய ஊர்களில் வெளியூர் வண்டி நுழையக் கூடாத பகுதிகள் உண்டு, இசட்.டி.எல். என்று எழுதியிருக்கும். வெள்ளை வட்டத்தைச் சுற்றிச் சிவப்பு வளையம், பக்கத்தில் ஒரு கேமரா, அவ்வளவுதான் எச்சரிக்கை. தடுப்புக் கம்பி இருக்காது, போலீஸ்காரர் கைகாட்டமாட்டார். மின்பலகையில் 'வார்க்கோ அட்டீவோ' என்று ஒளிர்ந்தால் பலரும் வழி திறந்திருக்கிறது என்று எண்ணி உள்ளே போய்விடுகிறார்கள். பொருள் நேர் எதிர்: கேமரா விழித்திருக்கிறது, நுழையாதே. ஒவ்வொரு நுழைவுக்கும் தனி அபராதம். வெளிநாட்டில் வசிப்பவருக்கு அறிவிப்பு அனுப்ப அவர்களுக்கு 360 நாள் அவகாசம் உண்டு என்பதால், பயணத்தை மறந்த பிறகும் கடிதம் வரும். நான் திட்டமிட்டுக் கொடுத்த ஒரு குடும்பத்துக்கு எட்டு மாதம் கழித்து மூன்று கடிதங்கள் வந்தன; ஒரே தெருவை மூன்று முறை சுற்றியிருக்கிறார்கள். காரைக் கோட்டைச் சுவருக்கு வெளியே நிறுத்திவிட்டு நடப்பதே வழி. தரையில் வெள்ளைக் கோடு என்றால் இலவசம், நீலம் என்றால் கட்டணம், மஞ்சள் மற்றவர்களுக்கு ஒதுக்கியது.

ஒயினுக்கு வருவோம். கியாந்தி கிளாசிக்கோ, மொன்டால்ச்சீனோவின் புருனெல்லோ, மொன்டெபுல்ச்சானோவின் வினோ நோபிலே என்ற மூன்று ஒயின்களுக்கும் ஆதாரம் சாஞ்சொவேசே என்ற ஒரே திராட்சைதான். மண், உயரம், காத்திருக்கும் காலம் ஆகியவை சேர்ந்து சுவையை மாற்றுகின்றன. கியாந்தி கிளாசிக்கோவில் அது குறைந்தது 80 சதவீதம். புட்டியின் கழுத்தில் கருஞ்சேவல் முத்திரை இருக்கும். புருனெல்லோ முழுக்கச் சாஞ்சொவேசே. அறுவடைக்குப் பின் ஐந்தாம் ஆண்டு ஜனவரிக்கு முன் அதை விற்கக் கூடாது, அதில் குறைந்தது இரண்டு ஆண்டு மரப் பீப்பாயில் கழிய வேண்டும். மொன்டெபுல்ச்சானோ என்ற பெயரில் ஒரு திராட்சை வகையும் உண்டு. அது அப்ரூட்ஸோ பகுதியின் ஒயினுக்கு உரியது. கடையில் இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

ஒரே ஒரு பண்ணை போதும், அது மொன்டால்ச்சீனோவில் இருக்கட்டும். அக்டோபர் தொடக்கம் அறுவடையின் கடைசிக் கட்டம், ஆட்கள் வேலையில் மூழ்கியிருப்பார்கள். மின்னஞ்சலில் நேரம் வாங்காமல் போனால் வாசலோடு திரும்ப வேண்டியிருக்கும். நொதிக்கும் சாற்றின் மணம் நிலவறையில் நிறைந்திருக்கும் காலம் அது. குடிக்காத அப்பாவும் அந்த ஆளுயரப் பீப்பாய்களுக்கிடையே நடந்து வரலாம். முதலில் ரோஸோ என்ற இளமையான ஒயின், பிறகு புருனெல்லோ என்ற வரிசையில் கேளுங்கள். சுவைத்துவிட்டுத் துப்பக் கிண்ணம் வைத்திருப்பார்கள், அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. வண்டி ஓட்டுபவர் தொடக் கூடாது. இருவருமே சுவைக்க வேண்டுமென்றால் அந்த ஒரு நாளுக்கு ஓட்டுநரோடு வண்டி அமர்த்துங்கள். அந்தச் செலவைக் கணக்குப் பார்க்காதீர்கள்.

அங்கிருந்து சுமார் பத்து கிலோமீட்டரில் சாந்தான்டிமோ மடாலயம். ஒலிவ மரங்களுக்கு நடுவே தனியாக நிற்கும் 12ஆம் நூற்றாண்டுத் தேவாலயம். அம்மாவுக்குப் பிடிக்கும்.

சாப்பாட்டுக்குப் பயப்பட வேண்டாம், ஆனால் கேட்டுச் சாப்பிடுங்கள். 'பிச்சி' என்பது கையால் உருட்டிய தடித்த நூடுல்ஸ். 'அல்லாலியோனே' என்று கேட்டால் தக்காளியும் பெரிய பூண்டும் சேர்த்த குழம்போடு வரும். ரிபொல்லீட்டா என்ற ரொட்டி, பீன்ஸ், கீரை சூப்பில் சில இடங்களில் பன்றி இறைச்சி சேர்ப்பார்கள். 'சென்ஸா கார்னே, சென்ஸா பேஷே' (இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம்) என்று சொல்லுங்கள். பாலாடைக்கட்டியை உறைய வைக்கப் பெரும்பாலும் விலங்கின் வயிற்றிலிருந்து எடுக்கும் பொருளைச் சேர்க்கிறார்கள், பெற்றோரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். பியென்சாவின் பெக்கொரீனோ (செம்மறியாட்டுப் பாலாடைக்கட்டி) கடைகளில் 'காலியோ வெஜெட்டாலே' என்று கேட்டால் தாவரத்தால் உறைந்ததைத் தேடித் தருவார்கள். ரொட்டியில் உப்பே இருக்காது. அது டஸ்கனியின் வழக்கம். இரவுச் சமையல் ஏழரைக்குத்தான் தொடங்கும், அதுவரை தாங்கப் பையில் ஏதாவது வைத்திருங்கள்.

மொன்டெபுல்ச்சானோ செங்குத்தான ஊர். பெற்றோர் மேலே போகும் சிறிய பஸ்ஸில் ஏறட்டும், இறங்கும்போது எல்லோரும் சேர்ந்து நடக்கலாம். பியென்சா சமதளம். தான் பிறந்த கிராமத்தைப் போப் இரண்டாம் பயஸ் 1459 முதல் ஒரு சில ஆண்டுகளில் புதிய நகராகக் கட்டியெழுப்பினார். தேவாலயத்தின் பின்னால் சுவரோரம் ஒரு நடைபாதை ஓடும். கடைசி மாலையை அதற்கு வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் ரோமுக்கு ரயில் பிடிக்கப் புளோரன்ஸுக்குத் திரும்ப வேண்டாம். மொன்டெபுல்ச்சானோவுக்குத் தென்கிழக்கே கியூசி நிலையம் ரோம் பாதையிலேயே இருக்கிறது, அங்கே காரை ஒப்படைக்க முடிகிற நிறுவனமாகப் பார்த்துப் பதிவு செய்யுங்கள்.